குன்றுப் பாதைக் கட்டத்தில் பந்தயம்: முன்குழு வெல்லும் நாளையும் பெருங்குழு வெல்லும் நாளையும் முன்கூட்டியே பிரித்தறிய முடியுமா?

கேள்வி: வேம்படியான்

வணக்கம். நான் லண்டனில் வசிக்கிறேன். ஜூலை மாதத்தில் மூன்று வாரமும் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்ப்பதும், குன்றும் மேடுமான பாதையில் நடக்கும் கட்டங்களுக்கு மட்டும் சிறு தொகையைப் பந்தயமாக வைப்பதும் சில ஆண்டுகளாக என் வழக்கம். (வண்டி ஓட்டிப் போட்டியிடுவதற்கும் பணம் கட்டுவதற்கும் தமிழில் பந்தயம் என்ற ஒரே சொல்லைத்தான் புழங்குகிறோம். குழப்பம் வராமலிருக்க, ஓட்டுவதைப் போட்டி என்றும் பணம் வைப்பதைப் பந்தயம் என்றும் எழுதுகிறேன். ஒரு நாள் ஓட்டத்தைக் கட்டம் என்றும், முன்னே பிரிந்து போகும் சிலரை முன்குழு என்றும், பின்னால் சேர்ந்து வரும் பெரும்பான்மையினரைப் பெருங்குழு என்றும் சொல்கிறேன்.)

சமவெளிக் கட்டமென்றால் விரைவோட்டக்காரர்கள் நான்கைந்து பேருக்குள் முடிவு அடங்கிவிடும். உயர்மலைக் கட்டமென்றால் ஒட்டுமொத்த நேரப் பட்டியலின் உச்சியில் இருப்பவர்களுக்குள் அடங்கிவிடும். குன்றுக் கட்டம் அப்படி எதற்கும் கட்டுப்படுவதில்லை என்பதை 2025-இல் அடுத்தடுத்த இரண்டு நாட்களில் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஜூலை 10 அன்று பாயேவிலிருந்து வீர் நோர்மாந்தி வரை நடந்த 6-ஆம் கட்டத்தில் மாத்யூ வான் டெர் பூல் வெல்வார் என்று பணம் வைத்தேன். கணிப்பில் பாதி சரியாக அமைந்தது. அவர் எட்டுப் பேர் கொண்ட முன்குழுவில் இடம்பிடித்தார், மாலையில் ஒரே ஒரு விநாடி வித்தியாசத்தில், ஒட்டுமொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையும் அணிந்தார். ஆனால் கட்டத்தை வென்றவர் 42 கிலோமீட்டர் தூரம் தனியே ஓட்டிய பென் ஹீலி. ஆக வான் டெர் பூலுக்குச் சட்டை கிடைத்தது, என் பணம் போனது.

இது முன்குழுக்களின் ஆண்டு என்று முடிவுகட்டி, மறுநாள் மியூர் த பிரெத்தாஞ் குன்றில் முடிந்த 7-ஆம் கட்டத்தில், காலையிலேயே முன்னே போய்விடுவார் என்று நான் நினைத்த ஒருவர் மீது பணம் வைத்தேன். அன்று பெருங்குழு எல்லோரையும் பிடித்துவிட்டது. டாடெய் போகாச்சர் வென்றார், யோனாஸ் விங்கெகோர் இரண்டாவது, ஆஸ்கர் ஆன்லி மூன்றாவது. இரண்டு கட்டங்களையும் அமைப்பாளர்கள் குன்றுக் கட்டம் என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். முந்தைய இரவே இவ்விரண்டையும் பிரித்தறிய ஏதேனும் வழி உண்டா, அல்லது இது வெறும் நாணயம் சுண்டும் வேலைதானா என்பதே என் கேள்வி.

பதில் 1: சக்கரத்தடம்

நாணயம் சுண்டும் வேலை இல்லை என்பது என் கருத்து. இருபது ஆண்டுகளாக இந்தப் போட்டிகளைப் பார்த்துவருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் குன்றைப் பார்க்கிறீர்கள், ஆனால் அன்றைய ஒட்டுமொத்த நேரப் பட்டியலைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

நீங்கள் குறிப்பிட்ட மியூர் த பிரெத்தாஞ் குன்றையே எடுத்துக்கொள்வோம். 2 கிலோமீட்டர் நீளம், சராசரி ஏற்றம் 6.9 சதவீதம், முதல் பாதி 10 சதவீதத்தை நெருங்கும், கடைசிப் பகுதி தளர்ந்துவிடும். இக்குன்றின் உச்சியில் கட்டம் முடிந்த ஐந்து முறையும் வென்றவர்களைப் பாருங்கள். 2011-இல் கேடல் எவன்ஸ், 2015-இல் அலெக்ஸி வுயெர்மோஸ், 2018-இல் டான் மார்ட்டின், 2021-இல் வான் டெர் பூல், 2025-இல் போகாச்சர். ஐவருமே காலையில் கிளம்பிய முன்குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். பெருங்குழு ஒன்றாகக் குன்றடிக்கு வந்து சேர்ந்த பிறகே அங்கிருந்து பாய்ந்தார்கள்.

இப்போது தென் பிரான்சில் உள்ள மாந்த் நகருக்கு வாருங்கள். நகருக்கு மேலே குருவா நேவ் என்ற ஏற்றம் 3 கிலோமீட்டர் நீளம், சராசரி 10.2 சதவீதம், உச்சியைத் தாண்டி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் போனால் விமானத் திடலில் முடிவுக்கோடு. மியூரைவிடக் கடினமான ஏற்றம், ஆகவே பெரிய வீரர்களுக்கு இன்னும் ஏற்றது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் 1995-இல் லோரான் ஜலபேர், 2005-இல் மார்கோஸ் செரானோ, 2015-இல் ஸ்டீவ் கமிங்ஸ், 2018-இல் ஓமர் ஃபிரைலே, 2022-இல் மைக்கேல் மேத்யூஸ் என்று அங்கு வென்ற ஆறு பேரில் ஐவர் முன்குழுவிலிருந்து வந்தவர்கள். 2010-இல் ஜோகின் ரொட்ரிகேஸ் மட்டுமே பெருங்குழுவிலிருந்து ஆல்பெர்ட்டோ கொன்டடோருடன் மேலேறி வென்றார்.

மியூர் எப்போதும் முதல் எட்டுக் கட்டங்களுக்குள்ளேயே வந்திருக்கிறது. 2021-இல் இரண்டாம் நாளே வந்தது. மாந்த் வந்ததெல்லாம் 12, 14, 18 போன்ற கட்டங்களில். முதல் வாரத்தில் பட்டியலில் எல்லோரும் விநாடிக் கணக்கில் நெருங்கி நிற்பார்கள். எந்த முன்குழுவில் யார் இருந்தாலும் அவர் யாரோ ஒருவருக்கு ஆபத்து; முடிவில் முதல் மூவருக்குக் கிடைக்கும் 10, 6, 4 விநாடிச் சலுகைகூட மஞ்சள் சட்டையைக் கைமாற்றும். ஆதலால் துரத்துவதற்கு எப்போதும் ஓர் அணிக்குக் காரணம் இருக்கும். இரண்டாம் வாரம் முடிவதற்குள் ஆல்ப்ஸோ பிரனீஸோ பட்டியலைச் சல்லடையாய்ச் சலித்திருக்கும். அரை மணி நேரம் பின்தங்கிய நூறு பேர் இருப்பார்கள். அவர்கள் முன்னே போனால் முன்னணி அணி வேகத்தைக் குறைத்து உணவுப் பையைப் பிரிக்கும். 2022-இல் மாந்த் கட்டத்தில் மேத்யூஸ் வென்று 12 நிமிடத்துக்கும் மேலான பிறகுதான் விங்கெகோரும் போகாச்சரும் வந்து சேர்ந்தார்கள். அன்று அவர்களில் ஒருவர் மீது பணம் வைத்திருந்தவர், ஓடாத குதிரைக்குச் சீட்டு வாங்கியவரைப் போலத்தான் இருந்திருப்பார்.

பதில் 2: மேட்டுத்தெரு

சக்கரத்தடம் அண்ணன் சொன்ன ஒப்பீடு அழகானது. ஆனால் அதை அப்படியே விதியாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து நிகழ்வுகளையும் ஆறு நிகழ்வுகளையும் வைத்து விதி எழுத முடியாது. கேள்வி கேட்டவருடைய இரண்டு கட்டங்களுமே ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வந்தவை என்பதையும் அண்ணனுடைய விளக்கம் தொடவில்லை. 2024-இன் முதல் நாளைப் பாருங்கள். புளோரன்ஸிலிருந்து ரிமினி வரை 206 கிலோமீட்டர். எவருக்கும் எவருக்கும் இடையே ஒரு விநாடிகூட இடைவெளி இல்லாத நாள். அன்று ரோமெய்ன் பார்டே பெருங்குழுவிலிருந்து பாய்ந்து, முன்னே இருந்த தம் அணி இளைஞர் ஃபிராங்க் வான் டென் புரூக்கை எட்டிப்பிடித்து, இருவரும் 5 விநாடி மிச்சத்தில் தப்பினார்கள். பட்டியல் கோட்பாட்டின்படி அது நடந்திருக்கவே கூடாது.

நான் இளவயதில் உள்ளூர்ச் சங்கத்துக்காக மிதிவண்டி ஓட்டியவன் என்பதால் பாதையின் உருவத்தைத்தான் முதலில் பார்ப்பேன். மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதைவிட அது எங்கே கிடக்கிறது என்பது முக்கியம். 2025-இன் 6-ஆம் கட்டத்தில் ஏறக்குறைய 3,500 மீட்டர் ஏற்றம், நோர்மாந்தியின் மேட்டுப் பகுதி முழுவதும் தூவிவிட்டதைப்போலப் பரவிக் கிடந்தது. ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதுமான அப்படிப்பட்ட சாலையில் துரத்தும் அணிக்குத் தன் எட்டுப் பேரை ஒரே கோட்டில் நிறுத்தி ஓட்டவைக்கக்கூட வாய்ப்பிராது. தட்டையான சாலையில் காற்றுமறைவில் ஓட்டுபவனுக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். ஏற்றத்தில் வேகம் குறைந்ததும் அந்த மிச்சம் கரைந்துபோகும். எண்ணிக்கையால் பெருங்குழுவுக்கு வரும் பலம் அப்போது பெரும்பாலும் பயனற்றதாகிவிடும். 7-ஆம் கட்டம் அப்படியில்லை. சேன் மாலோவிலிருந்து 197 கிலோமீட்டர் வந்தும், தீர்மானிக்கும் ஏற்றமெல்லாம் கடைசியில் மியூரை இருமுறை ஏறும் பகுதியில்தான் இருந்தது. அதுவரை இரண்டு மூன்று உதவி வீரர்கள் முன்னே நின்று முன்குழுவைக் கயிற்றில் கட்டிய கன்றைப்போல எட்டும் தூரத்திலேயே வைத்திருக்கலாம்.

மறைந்த பிரெஞ்சு வீரரும் வர்ணனையாளருமான ரொபேர் ஷபாத்தின் பெயரால் ஒரு பழைய கணக்கு உண்டு: முன்னே செல்பவரின் ஒரு நிமிட இடைவெளியை அடைக்கப் பெருங்குழுவுக்குப் பத்துக் கிலோமீட்டர் தேவைப்படும். தட்டையான சாலைக்கு அது இன்றும் ஓரளவு பொருந்துகிறது. குன்றுப் பாதையில் அதை நம்பிப் பணம் வைத்துவிடாதீர்கள். 42 கிலோமீட்டர் இருக்கையில் ஹீலி புறப்பட்டபோது அவரை யாரும் ஒழுங்காகத் துரத்தவேயில்லை. கூட இருந்த ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இடைவெளி வளர்ந்தது.

இன்னொன்று, யாருக்கு அன்று என்ன வேண்டும் என்பது. 2025-இல் 5-ஆம் கட்டம் முடிந்ததும் மஞ்சள் சட்டை போகாச்சரிடம் இருந்தது. அதை வைத்திருப்பவர் தினமும் மேடைக்கும் செய்தியாளர் கூட்டத்துக்கும் போக வேண்டும். அவர் அணி நாளெல்லாம் முன்னே நின்று ஓட்ட வேண்டும். இரண்டு வாரம் மீதமிருக்கையில் அதை வான் டெர் பூலுக்குச் சில நாட்கள் இரவல் கொடுப்பதில் அந்த அணிக்கு நட்டமில்லை. ஆனால் மறுநாள் மியூர் குன்றோ போகாச்சருக்கென்றே வடித்ததைப்போன்ற ஏற்றம். முதல்நாள் விருப்பமில்லாத அதே அணி மறுநாள் விரும்பியது. இதை வரைபடத்தில் காண முடியாது. முந்தைய மாலைப் பேட்டிகளிலும், அணி இயக்குநர்களின் பேச்சிலும்தான் தேட வேண்டும், அதிலும் பாதி பொய்யாக இருக்கும்.

பதில் 3: கணக்குப்பிள்ளை

மேலே இருவரும் போட்டியைப் பற்றி எழுதிவிட்டீர்கள். பந்தயத்தைப் பற்றி எவரும் எழுதவில்லை. யார் வெல்வார் என்பது ஒரு கேள்வி. அவருக்குப் புக்கி (பந்தயக் கடைக்காரர்) சொல்லும் விலை சரியா என்பது வேறொரு கேள்வி. வேம்படியான் முதலாவதற்கு விடை தேடிக்கொண்டே இரண்டாவதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

விலை 2.50 என்றால், ஒரு பவுண்டு வைத்தால் வைத்ததையும் சேர்த்து 2.50 பவுண்டு திரும்பும் என்று பொருள். ஒன்றை 2.50-ஆல் வகுத்தால் 0.40, அதாவது அந்த வீரர் நூற்றுக்கு நாற்பது முறைக்கு மேல் வெல்வார் என்று நீங்கள் உறுதியாக நம்பினால்தான் அந்த விலையில் பணம் வைப்பதற்கு அர்த்தம் உண்டு. 2025-இல் 23 அணிகளிலிருந்து 184 பேர் புறப்பட்டார்கள். புக்கியின் பட்டியலில் இருக்கும் எல்லோருடைய விலையையும் இப்படித் தலைகீழாக்கிக் கூட்டிப் பாருங்கள்; 100-ஐ விட எவ்வளவோ மிகுதியாக வரும். அந்த மிகுதிதான் கடைக்காரருடைய இலாபம். இருவர் ஆடும் டென்னிஸில் அது சிறிதாக இருக்கும். இவ்வளவு பேர் ஓட்டும் போட்டியில் ஒவ்வொருவர் பெயரிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பெரிதாகிவிடும். அதிலும் வாய்ப்புக் குறைந்தவர்கள் தலையில்தான் அந்தச் சுமை கூடுதலாக ஏற்றப்படும் என்பது குதிரைப் பந்தய ஆய்வுகளில் பலமுறை பேசப்பட்ட செய்தி.

இதை வைத்துக்கொண்டு குன்றுக் கட்டத்தை இரண்டு படியாகக் கணக்கிட வேண்டும். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு சொல்கிறேன். மேலே இருவரும் சொன்னவற்றையெல்லாம் எடைபோட்டு, பெருங்குழு ஒன்றாக வந்து சேர நூற்றுக்கு 60 வாய்ப்பு என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அப்படி வந்தால் முதன்மை வீரர் வெல்ல நூற்றுக்கு 50. இரண்டையும் பெருக்கினால் 30. நியாயமான விலை 3.33. கடையிலோ அவருக்கு 2.50 சொல்கிறார்கள். அவர் அன்று வென்றாலும் அது மோசமான பந்தயம்தான். மக்கள் அவர் கால்களின் பலத்தைப் பார்த்துப் பணம் வைக்கிறார்கள். அந்தக் கால்களுக்கு அன்று வேலை வருமா என்பதைப் பெருக்க மறந்துவிடுகிறார்கள். முதன்மை வீரரின் விலை குன்றுக் கட்டங்களில் அடிக்கடி இப்படி வற்றிப்போவதற்கு இதுவே காரணம்.

முன்குழு ஆளுக்கு மூன்று படி. முன்குழு வெல்லும் நாளாக அது அமைய 40. உங்கள் ஆள் அந்தக் குழுவுக்குள் நுழைய 25. நுழைந்தபின் மற்றவர்களை வெல்ல 15. பெருக்கினால் நூற்றுக்கு ஒன்றரை. நியாயமான விலை ஏறக்குறைய 67. நீங்கள் 7-ஆம் கட்டத்தில் வைத்தீர்களே, அவருக்கு என்ன விலை கிடைத்தது என்று எழுதவில்லை. 21-க்கோ 26-க்கோ வைத்திருந்தால், போகாச்சர் வென்றதால் நீங்கள் தோற்கவில்லை. பணத்தைக் கொடுத்த கணத்திலேயே தோற்றுவிட்டீர்கள்.

வேம்படியான்

மூவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை கேட்டதற்கு வெட்கத்துடன் பதில் சொல்கிறேன்: விலை 23. மூன்று படிப் பெருக்கல் எனக்குத் தோன்றவேயில்லை. நல்ல ஆள், நல்ல விலை என்று மட்டும்தான் பார்த்தேன்.

இரண்டு துணைக் கேள்விகள். வெற்றிக்கு மட்டும் வைக்காமல், ஈச்-வே என்று சொல்கிறார்களே, அப்படி வைப்பது குன்றுக் கட்டத்துக்கு ஏற்றதா? காலையில் வைக்காமல், முன்குழு யார் யார் என்று தெரிந்த பிறகு போட்டி நடக்கும்போதே வைத்தால் இந்த மூன்று படியில் ஒரு படியேனும் குறையுமல்லவா?

பதில் 4: கணக்குப்பிள்ளை

கிண்டி குதிரைப் பந்தயம் பார்த்த தலைமுறைக்கு வின் (முதலிடம்), பிளேஸ் (முதல் சில இடங்களில் ஒன்று) என்ற இரண்டும் தெரியும். ஈச்-வே என்பது அவ்விரண்டையும் சம தொகையில் சேர்த்து வைப்பது. ஆகவே 5 பவுண்டு ஈச்-வே என்றால் உங்கள் சட்டைப்பையிலிருந்து போவது 10 பவுண்டு. முதல் மூன்று இடத்துக்கு நான்கில் ஒரு பங்கு விலை என்பது பரவலான முறை. ஐந்தில் ஒரு பங்கு தருபவர்களும் உண்டு. 41 விலையுள்ள ஒருவர் இரண்டாவதாக வந்தால், வெற்றிப் பகுதியில் 5 பவுண்டு போய்விடும். இடப் பகுதியில் 40-இல் நான்கில் ஒரு பங்கான 10 மடங்கு, அதாவது 50 பவுண்டு கிடைக்கும். நிகரமாக 45 இலாபம்.

இது மியூர் போன்ற முடிவுக்குப் பொருந்தும் அளவுக்கு மாந்த் போன்ற முடிவுக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். பெருங்குழு ஒன்றாக வந்து, ஒருவர் மிகத் தெளிவாகப் பலசாலியாக இருக்கும் நாளில், அவருக்குப் பின்னாலுள்ள இரண்டு இடங்களுக்கு நல்ல போட்டி நடக்கும். 2025-இல் ஆன்லி மூன்றாவதாக வந்ததும், 2015-இலும் 2018-இலும் அதே குன்றில் அலெகாந்த்ரோ வால்வெர்டே மூன்றாவதாக வந்ததும் அப்படித்தான். முன்குழு வெல்லும் நாளில் உங்கள் ஆள் அந்தக் குழுவில் இல்லையென்றால் இடப் பகுதியும் சேர்ந்தே போய்விடும். இரட்டைத் தொகைக்கு இரட்டை நட்டம்.

இருவரில் யார் முன்னே வருவார் என்ற நேருக்குநேர் பந்தயமும் உண்டு. அதில் கடைக்காரர் இலாபம் குறைவு என்பதால் பலரும் பரிந்துரைப்பார்கள். குன்றுக் கட்டத்தில் ஓர் இடர் இருக்கிறது. முன்குழு 10 நிமிடம் முன்னே போய்விட்டால், பின்னால் வரும் பெரிய வீரர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து கோட்டைக் கடப்பார்கள். அங்கே முப்பதாவதா முப்பத்தொன்பதாவதா என்பதில் அவர்களுக்கு அக்கறையே இராது. உங்கள் பந்தயமோ அந்த இட எண்ணை வைத்துத்தான் தீர்க்கப்படும்.

பதில் 5: மேட்டுத்தெரு

போட்டி நடக்கும்போது வைப்பதைப் பற்றி ஒரு சொல். ஒரு படி குறைவது உண்மை. ஆனால் அது கடைக்காரருக்கும் குறைகிறது. உங்கள் வீட்டுத் திரைக்கு வரும் படம் சில விநாடி முதல் அரை நிமிடம் வரை பிந்தி வரக்கூடும். இணையம் வழியே பார்த்தால் இன்னும் பிந்தும். மியூரில் பாய்ச்சல் நடப்பதை நீங்கள் காணும்போது அது ஏற்கெனவே பழைய செய்தி. ஆகையால் கடைசி ஏற்றத்தில் விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வீண்.

நடுப்பகுதியில்தான் கண்ணுக்கு வேலை இருக்கிறது. எந்த அணி முன்குழுவில் ஆள் இல்லாமல் விடுபட்டது என்று பாருங்கள். அந்த அணிதான் துரத்தும். 2022-இல் பின்ஷிலிருந்து லோங்வி வரையான 6-ஆம் கட்டத்தில் மஞ்சள் சட்டையோடு இருந்த வூட் வான் ஆர்ட்டே முன்குழுவில் போனார். பார்ப்பதற்குப் பிரமாதமாக இருந்தது. ஆனால் பின்னால் துரத்துவதற்கு அணிகள் இருந்தன, அவர் முடிவுக்குச் சற்று முன் பிடிபட்டார், மேட்டு முடிவில் போகாச்சர் வென்று சட்டையையும் எடுத்துக்கொண்டார். முன்குழுவில் பெரிய பெயர் இருப்பது நல்ல அறிகுறி என்று நினைக்காதீர்கள். பெரிய பெயரைத்தான் பின்னால் இருப்பவர்கள் போக விடமாட்டார்கள்.

முன்குழுவே வெல்லப்போகிறது என்று தெரிந்துவிட்டாலும் அதற்குள் யார் என்பதில் கால் பலத்தை மட்டும் பார்க்க வேண்டாம். 2015-இல் மாந்த் உச்சியில் திபோ பினோவும் பார்டேயும் முன்னே இருந்தார்கள். இரண்டு பிரெஞ்சு நம்பிக்கைகள், இருவரும் கமிங்ஸைவிட நன்றாக ஏறுபவர்கள். ஒருவர் மற்றவருக்கு வெற்றியைக் கொடுத்துவிடக் கூடாது என்று அஞ்சி, தட்டையான பகுதியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் அளவில் நிதானமாக ஏறிவந்த கமிங்ஸ் இருவரையும் வேகமாகக் கடந்து போய்விட்டார். அதே திடலில் 2022-இல் மேத்யூஸ் முன்கூட்டியே தனியே புறப்பட்டார். ஏற்றத்தில் அல்பெர்ட்டோ பெத்தியோல் அவரைப் பிடித்துத் தாண்டியும் விட்டார். மேத்யூஸ் மீண்டும் அவரை எட்டித் தாண்டினார். அவர் விரைவோட்ட வகையைச் சேர்ந்தவர். 10 சதவீத ஏற்றத்தில் அவர் வெல்வார் என்று முந்தைய இரவு எழுதியிருந்தால் நானே சிரித்திருப்பேன். உச்சிக்கும் முடிவுக்கோட்டுக்கும் இடையே தட்டையான துண்டு இருக்கும் முடிவுகளை, ஏறுபவர்களின் முடிவு என்று எழுதாதீர்கள்.

பதில் 6: சக்கரத்தடம்

மேட்டுத்தெருவின் மறுப்பை ஏற்கிறேன். ரிமினியை நான் மறந்தது தவறு. ஆனாலும் பட்டியல் இடைவெளியைப் பார்க்காமல் பாதை உருவத்தை மட்டும் பார்த்தாலும் மாந்த் முடிவுகள் விளங்காது என்பதில் நிற்கிறேன்; அங்கேயும் கடைசி ஏற்றம் கடைசியில்தான் இருக்கிறது.

இந்த இழையை இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025-இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களையும் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தையும் தடைசெய்கிறது. தமிழ்நாட்டிலும் 2022-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஆகவே இங்கே பேசுவதைப் போட்டியைப் புரிந்துகொள்ளும் வழியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியாவில் பந்தயம் சட்டப்படி நடக்கிறது. ஆனால் 2020 ஏப்ரல் முதல் அங்கே கடன் அட்டையால் பணம் வைக்க இயலாது, அது நல்ல ஏற்பாடு. முதல்நாள் இழந்ததை மறுநாள் மீட்கும் ஆத்திரத்தில்தான் வேம்படியான் 7-ஆம் கட்டத்தில் வைத்தார் என்பது அவருடைய கேள்வியிலேயே தெரிகிறது. மூன்று வாரத்துக்கும் சேர்த்து ஒரு தொகையை முதல் நாளே ஒதுக்கிவிட்டு, 2025-இல் இருந்ததைப்போல ஆறு குன்றுக் கட்டங்கள் இருந்தால் ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விலை சரியில்லாத நாளில் அந்தப் பங்கைத் தொடாமல் விடுங்கள்.

வேம்படியான்

ஆத்திரம் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. அடுத்த ஜூலையில் கணக்குப்பிள்ளையின் பெருக்கலைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகே கடைப் பக்கம் போவேன். கடைசியாக ஒன்று: வென்றவரோ இடம் பெற்றவரோ ஊக்கமருந்து விவகாரத்தில் பின்னாளில் நீக்கப்பட்டால் பந்தயம் என்னவாகும்?

பதில் 7: கணக்குப்பிள்ளை

ஒவ்வொரு கடைக்கும் எழுதிய விதி உண்டு, அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். பொதுவாக அன்றைய மேடையில் அறிவிக்கப்படும் முடிவே பந்தயத்துக்கு முடிவு, பின்னர் வரும் மாற்றங்கள் கணக்கில் வராது. இதற்கும் மியூரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. 2011-இல் எவன்ஸும் கொன்டடோரும் கிட்டத்தட்டச் சேர்ந்தே கோட்டைக் கடந்தார்கள். தாம்தான் வென்றோம் என்று நினைத்துக் கொன்டடோர் கையையும் உயர்த்தினார். நிழற்படம் பார்த்து எவன்ஸுக்கு வெற்றி கொடுத்தார்கள். 2012 பிப்ரவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் கொன்டடோரின் அந்த டூர் முடிவுகள் யாவும் அழிக்கப்பட்டன. மாந்தில் 2010-இல் அவர் பெற்ற இரண்டாம் இடமும் அதே தீர்ப்பில் போயிற்று. ஆனால் அந்த இரண்டு மாலைகளிலும் அவருக்கு இடப் பந்தயம் வைத்து, மேடை முடிவின்படி பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவரிடம் எந்தக் கடைக்காரரும் அதைத் திரும்பக் கேட்டிருக்க மாட்டார்.